ஷ்னிட்சல் கடையில் பொம்பிளை பார்த்த கதை

இப்ப அந்த இடத்தில பபிள் டீ விக்கினம். சிட்னியில ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில இறங்கி ரெண்டு நிமிஷம் நடந்தால் மூலையில வரும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையள் வரிசையில நிண்டு, கறுத்த உருண்டை போட்ட தேத்தண்ணியைத் தடிச்ச குழாயால உறிஞ்சிக்கொண்டு போகுதுகள். குடிக்கட்டும், எனக்கென்ன. ஆனால் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டேக்க நான் ஒருக்கால் நிண்டுதான் போவன். அதில நிண்டு நான் வாயைத் திறந்தால், திரும்பத் தொடங்கீட்டீங்களா எண்டு மகள் இங்கிலீசில கேப்பாள். கேக்கட்டும். தொடங்கினால் நான் முடிக்காமல் விடுற ஆள் இல்லை.

அதில முந்தி ஒரு சாப்பாட்டுக்கடை இருந்தது. ஒரு கிரேக்கக் கிழவனும் கிழவியும் நடத்தினவை. சிவப்பு ரெக்சின் போட்ட இருக்கையள், அங்கங்க கிழிஞ்சு பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். மேசைக்கு மேசை உப்பு, மிளகு, தக்காளி சோஸ் போத்தில். சுவரில சோக்கட்டியால எழுதின மெனு. நான் போய்வந்த காலம் முழுக்க அதில ஒரு எழுத்தை அழிச்சதை நான் காணேல்லை. கிழவன் உள்ள சமைப்பார், கிழவி முன்னால நிப்பா. கதவைத் திறக்க முதலே உள்ள இருந்து தொம் தொம் எண்டு மரச் சுத்தியலால இறைச்சி தட்டுற சத்தம் கேக்கும்.

அந்தக் கடைக்குச் சனம் வந்ததே அந்தத் தட்டின இறைச்சிக்குத்தான், ஷ்னிட்சல் எண்டு பேர். மெல்லிசாய்த் தட்டி, முட்டையில தோய்ச்சு, பாண்தூளில பிரட்டி, மொறுமொறு எண்டு பொரிச்சு, மேல சுடச்சுடக் கிரேவி ஊத்திக் குடுப்பினம். பக்கத்தில சிப்ஸும் பட்டாணியும். வெள்ளைக்காரக் கிழவர்மார் மாட்டிறைச்சியில கேப்பினம். நாங்கள் மாடு தொடுறேல்லை, எனக்குக் கோழி ஷ்னிட்சல். அது பிளேட்டை விட்டு வெளிய தொங்கிக்கொண்டு வரும். கிரேவி பட்ட பக்கம் பஞ்சு போல இருக்கும், படாத பக்கம் கடிச்சால் பக்கத்து மேசைக்குச் சத்தம் கேக்கும். இண்டைக்கும் சிட்னியில ஷ்னிட்சல் இல்லாத கிளப் இல்லை. சாப்பிட்டுப் பார்த்தனான். எல்லாம் எங்கையோ பாக்டரியில பொரிச்சு, ஐஸில வைச்சு, திரும்பச் சூடாக்கினது. சத்தமும் இல்லை, மணமும் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க வடிவாய்த்தான் இருக்கும்.

எனக்கு அப்ப இருபத்தெட்டு வயசு. ஹோம்புஷில அக்கா வீட்டில இருந்தனான். அக்கா, அத்தான், நான். ரத்தம் பரிசோதிக்கிற ஒரு லாப்பில எனக்கு வேலை. அக்கா வீட்டில வெள்ளிக்கிழமை மரக்கறி, செவ்வாய்க்கிழமை மரக்கறி, விரதங்கள் வந்தால் கிழமைக்கணக்கில மரக்கறி. அதுக்கு நான் குறை சொல்லேல்லை, எங்கட வழக்கம். ஆனால் வெள்ளி வரமுதல் வியாழன் பின்னேரம் வேலை முடிஞ்சு அந்தக் கடைக்குப் போய், ஒரு முழு ஷ்னிட்சலை மூக்கு முட்டச் சாப்பிட்டிட்டுத்தான் வீட்டை போவன். என்னைக் கண்டதும் கிழவி ஒண்டும் கேக்கமாட்டா, உள்ளுக்குத் திரும்பி ஒரு விரலைக் காட்டுவா. தொம் தொம் எண்டு சத்தம் தொடங்கும். இந்த நாட்டுக்கு வந்து எனக்கெண்டு எனக்குக் கிடைச்ச முதல் சந்தோசம் அதுதான்.

அந்த நேரத்திலதான் ஹோம்புஷ் அன்ரி ஒரு சம்பந்தம் கொண்டுவந்தா. அவவுக்கு அது தொழில் இல்லை, பொழுதுபோக்கு. மாப்பிள்ளை எஞ்சினியர், தாயோட பெண்டில் ஹில்லில இருக்கிறார், சாதகம் நல்லாப் பொருந்தியிருக்கு எண்டு சொல்லிக்கொண்டு வந்தவ, கடைசியாய்க் குரலைத் தாழ்த்தி, அவை சுத்த சைவம், முட்டை கூடப் படாது எண்டா. எங்கட அக்கா கண்ணைக் கூடச் சிமிட்டேல்லை. எங்கட பிள்ளையும் சைவம்தான் எண்டு சொல்லிப்போட்டா. அந்த நேரம் நான் குசினியில கோழி வெட்டிக்கொண்டு நிண்டனான். கத்தியோட வெளிய வந்து ஒரு முழி முழிச்சன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

அன்ரி போன பிறகு வீட்டில பெரிய சண்டை. அக்கா சொன்னது இதுதான்: முதல் கலியாணம் முடியட்டும், பிறகு மெல்லமெல்லமாய்ச் சொல்லிக்கொள்ளலாம், ஊர் உலகத்தில நடக்காததே. சரி, ஆளை ஒருக்காய்ப் பார்ப்பம் எண்டு நானும் அடங்கினன். உண்மையைச் சொன்னால் அன்ரி காட்டின போட்டோவில ஆள் பரவாயில்லை.

எங்க சந்திக்கிறது எண்டதுதான் அடுத்த பிரச்சினை. கோயிலில சந்திச்சால் அர்ச்சனை முடியமுதல் ஹோம்புஷ் முழுக்கத் தெரிஞ்சிடும். ஹரிஸ் பார்க் இந்தியக் கடையளுக்குள்ள போனால் அதைவிட மோசம். தமிழ்ச் சனம் எட்டிப் பார்க்காத இடமாய்ச் சொல்லு பிள்ளை எண்டு அன்ரி போனில கேட்டா. எனக்குத் தெரிஞ்ச அப்பிடியான இடம் ஒண்டுதான். டக்கெண்டு அதைச் சொல்லிப்போட்டன். போனை வைச்ச பிறகுதான் புத்தி வந்தது. சைவப் பொம்பிளை எண்டு காட்டுறதுக்கு, கோழி தட்டுற கடைக்கு, அதுவும் கிழமைக்குக் கிழமை நான் போற கடைக்கு ஆளைக் கூப்பிட்டிருக்கிறன். என்ர தலையில நானே அடிச்சுக்கொண்டன்.

வேற வழி இல்லை. முதல் நாள் பின்னேரம் போய்க் கிழவியிட்ட விஷயத்தைச் சொன்னன். நாளைக்கு ஒருத்தரோட வருவன், என்னை முன்னப்பின்னத் தெரியாத மாதிரி இருக்கவேணும், கோழியைப் பற்றி மூச்சு விடக்கூடாது எண்டன். ஆள் பொலீஸோ எண்டு கேட்டா. இல்லை, என்னைக் கலியாணத்துக்குப் பார்க்க வாறார் எண்டன். அது பொலீஸை விடப் பெரிய விஷயம் எண்டு சொல்லி, ஏப்ரனில கையைத் துடைச்சுப்போட்டு எனக்குக் கை குடுத்தா.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்தார். நெடுவல் ஆள். சேர்ட்டைத் தானே அயன் பண்ணினவர் எண்டு பார்க்கவே தெரிஞ்சது, ஒரு கை மட்டும்தான் நேராய் இருந்தது. கதிரை நுனியில இருந்து மெனுவை நெடுநேரம் பார்த்தார். நான் சிப்ஸ் சாப்பிடுறன் எண்டன். தானும் எண்டார். சரி, சிப்ஸாவது கிடைக்குது எண்டு நான் சந்தோசப்பட, அவர் கிழவியைக் கூப்பிட்டு, இந்த சிப்ஸ் கோழி பொரிக்கிற எண்ணெயிலயோ பொரிக்கிறது எண்டு கேட்டார். கிழவி என்னைப் பார்த்தா. நான் கூரையைப் பார்த்தன். ஓம், அதே எண்ணெய்தான் எண்டா. அப்ப வேண்டாம் எண்டுபோட்டார்.

சிப்ஸும் போச்சு. வாட்டின பாண், பட்டர், வெட்டின தக்காளிப்பழம், ஒரு கிண்ணம் அவிச்ச பட்டாணி. அந்தக் கடையின்ர சரித்திரத்தில அப்பிடி ஒரு மேசை இருந்திராது. கிழவன் குசினிக் கதவால எட்டிப் பார்த்தார், யாருக்கு வயித்துக் கோளாறு எண்டு. எனக்கு எரிச்சல் பத்திக்கொண்டு வந்தது. எண்ணெயை விசாரிக்கிற ஆளோட காலம் முழுக்க எப்பிடிக் காலம் தள்ளுறது?

ஆனால் ஆள் கூடாத ஆள் இல்லை, அதுதான் வில்லங்கம். கனக்கக் கதைக்கமாட்டார். கேட்டுக்கொண்டிருப்பார். லாப்பில ஒரு மெஷின் கீச்சுக்கீச்செண்டு கத்தி என்ர உயிரை எடுக்குது எண்டு பேச்சுவாக்கில சொன்னனான். அடுத்த சனி வந்து இருந்ததும் முதல் கேள்வி, அந்த மெஷினைத் திருத்தீட்டினமோ எண்டு. அக்காவிட்ட அந்த மெஷினைப் பற்றி எத்தினை தரம் சொல்லியிருப்பன், ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு அவரைப் பிடிச்சுப்போச்சு. பிடிச்சதை நினைக்க நினைக்க இன்னும் எரிச்சல் வந்தது.

நாலு சனிக்கிழமை சந்திச்சம். நாலு சனியும் பாண், தக்காளிப்பழம், பட்டாணி. பக்கத்து மேசைக்கு ஷ்னிட்சல் போகேக்க கிரேவி மணம் எங்கட மேசைக்கு மேலால போகும். நான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருப்பன். அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிப்போடுவார். ஐயோ, மணமே ஆகாத ஆள் போல எண்டு நான் நினைச்சுக்கொண்டன். பழகிப் பார்ப்பம் எண்டு அந்தக் கிழமையளில நான் வியாழக்கிழமைப் போக்கையும் நிப்பாட்டி, வீட்டிலயும் மச்சம் மாமிசம் தொடாமல் இருந்து பார்த்தன். அக்கா கோழிக்கறி சமைக்கேக்க வெளிய போய் உடுப்புக் காயப் போடுவன். காயப் போடுறதுக்கு அவ்வளவு உடுப்பும் வீட்டில இல்லை.

நாலாவது சனி, சொல்லியே போடுறது எண்டு வாயைத் திறந்தனான். திறக்கவும், அவர் முந்திக்கொண்டு, நீங்கள் சைவம் எண்டதிலதான் அம்மாவுக்குப் பெரிய சந்தோசம் எண்டார். நான் திறந்த வாயில பாணை வைச்சு மூடினன்.

அண்டைக்குப் பின்னேரம் அக்காவிட்ட எனக்கு இது சரிவராது எண்டன். ஒரு கோழித்துண்டுக்காகத் தங்கமான மாப்பிள்ளையை விடுவியோ எண்டு அக்கா கத்தினா.

"கோழி இல்லையக்கா பிரச்சினை," எண்டன். "என்ர வீட்டுக் குசினியிலயே நான் சாகும்வரைக்கும் வேற ஆளாய் நடிக்கவேணும். எனக்கு ஏலாது."

அக்கா அழுதா. நானும் அழுதன். உண்மையைச் சொல்லலாம்தான், சொன்னால் அக்கா பொய்க்காரியாவா, தாய்க்காரி மனம் உடைஞ்சு போவா, எண்ணெயையே விசாரிச்ச மனுசன் என்னை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். அதைவிட வேண்டாம் எண்டு சொல்லுறது எல்லாருக்கும் மரியாதை எண்டு நினைச்சன். நாலைஞ்சு நாள் நித்திரை இல்லை. வியாழக்கிழமை காலமை வேலைக்கு வெளிக்கிட முதல் அன்ரிக்கு போன் அடிச்சு, எனக்கு மனம் ஒத்துவரேல்லை, அவையிட்டப் பக்குவமாய்ச் சொல்லிவிடுங்கோ எண்டன். காரணம் கேட்டா. காரணம் ஒண்டும் இல்லை எண்டன். காரணம் இல்லாமல் ஒரு நல்ல பெடியனை வேண்டாம் எண்டுற காலமாய்ப் போச்சு எண்டு புறுபுறுத்துக்கொண்டு வைச்சா.

வேலையில ஒண்டும் ஓடேல்லை. பின்னேரம் ஸ்ட்ராத்ஃபீல்டில இறங்கினதும் கால் தன்ர பாட்டில அந்தக் கடைக்குத்தான் போச்சு. எல்லாம் முடிஞ்சுது, இனி ஆருக்குப் பயம், ஒரு முழு ஷ்னிட்சலைச் சாப்பிட்டிட்டு அழுதால்தான் அழுகையும் ஒழுங்காய் வரும் எண்டு நினைச்சுக்கொண்டு கதவைத் தள்ளினன்.

எங்கட மேசையில அவர் இருந்தார். முன்னால பிளேட். பிளேட்டை விட்டு வெளிய தொங்குது கோழி ஷ்னிட்சல், கிரேவியோட. வாய் நிறைய வைச்சிருந்தார்.

நான் கதவடியில முழுசிக்கொண்டு நிண்டன். அவர் கத்தியும் முள்ளுக்கரண்டியும் கையில இருக்க எழும்பி நிண்டார். விழுங்கவும் ஏலாமல், கதைக்கவும் ஏலாமல், கண் ரெண்டும் பிதுங்கிப்போச்சு. கிழவிக்கு எங்கட ஏற்பாடு எல்லாம் மறந்துபோச்சு. என்னைக் கண்ட பழக்கத்தில உள்ளுக்குத் திரும்பி ஒரு விரலைக் காட்டிப்போட்டா. கிழவன் தட்டத் தொடங்கீட்டார். இனி மறைக்கிறதுக்கு என்ன இருக்கு.

அவர் ஒருமாதிரி விழுங்கி முடிச்சு, நீங்கள் இது சாப்பிடுவீங்களோ எண்டு மெல்லமாய்க் கேட்டார். ஓம் எண்டன். கன நாளாயோ எண்டார். பிறந்த நாள் தொடங்கி எண்டன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. உங்கட பிளேட் வரக் கொஞ்ச நேரம் செல்லும், இதைச் சாப்பிடுங்கோ எண்டு தன்ரயை நடுவால வெட்டி, கிரேவி கூடின பாதியை எனக்குத் தள்ளிவிட்டார். சாப்பிட்டுக்கொண்டே ரெண்டு பேரும் கதையைக் கொட்டினம். அவரின்ர வீட்டில தாய் மட்டும்தான் சைவம், அதை வைச்சு அன்ரி வீடே சைவம் எண்டு நினைச்சுப்போட்டா. இவர் மாட்டைத் தவிர எல்லாம் சாப்பிடுவார். பொம்பிளை சுத்த சைவம் எண்டு அன்ரி சொல்ல, எங்கட பெடியனும் சைவம்தான் எண்டு தாய் சொல்லிப்போட்டா. அக்கா சொன்ன அதே பொய், சொல்லுக்குச் சொல். அண்டைக்கு எண்ணெயை விசாரிச்சது ஏன் எண்டு கேட்டன். நான் தெரியாமல் சாப்பிட்டு, பிறகு தெரிய வந்து மனம் வருந்தக்கூடாது எண்டுதான் கேட்டாராம். முதல் சனிக்கிழமையில இருந்து தானும் மச்சம் தொடேல்லையாம், பழகிப் பார்க்க.

"அப்ப இண்டைக்கு?" எண்டு கேட்டன்.

இண்டைக்குச் சாப்பிடவேணும் போல இருந்தது எண்டு சொல்லி, பட்டாணியை ஒண்டொண்டாய் எடுத்துச் சாப்பிட்டார். நான் அதைக் கவனிக்கேல்லை. எனக்கு அந்தக் கோழி தேவாமிர்தமாய் இருந்தது, நாலு கிழமைப் பசி. ரெண்டாவது பிளேட்டும் வந்து அதிலயும் பாதி முடிஞ்ச பிறகுதான் பளீரெண்டு ஞாபகம் வந்தது. காலமை நான் வேண்டாம் எண்டு சொல்லிவிட்டிருக்கிறன். அன்ரி அவையிட்டச் சொல்லமுதல் பிடிக்கவேணும். ஒரு போன் எடுக்கவேணும், ரெண்டு நிமிஷத்தில வாறன் எண்டு சொல்லிப்போட்டு ஓடினன். எல்லாற்ற கையிலயும் போன் இல்லாத காலம். ஸ்டேஷன் வாசலில இருந்த போன் கூண்டுக்குள்ள நிண்டு அன்ரியின்ர நம்பரை அடிச்சன்.

காலமை நான் சொன்னதை மறந்திடுங்கோ அன்ரி, அவையிட்ட ஒண்டும் சொல்லவேண்டாம் எண்டன். 

"பிள்ளை, நான் பத்து மணிக்கே தாயிட்டச் சொல்லிப்போட்டனே," எண்டா. "அவ உடன பெடியன்ர வேலைக்குப் போன் அடிச்சு அவனுக்கும் சொல்லியாச்சு. பாவம், சரியம்மா எண்டுபோட்டுப் போனை வைச்சவனாம்."

இனி நான் என்ன சொல்லுறது எண்டு அன்ரி கேட்டுக்கொண்டிருக்க நான் போனை வைச்சன். ஸ்டேஷனில இருந்து கடைக்கு ரெண்டு நிமிஷ நடை. அண்டைக்கு எனக்கு அது கன நேரம் எடுத்தது. நான் முதல் கதவைத் தள்ளிக்கொண்டு வரேக்கயே அவருக்கு எல்லாம் தெரியும். நான் வேண்டாம் எண்டு சொன்னதால இனி ஆருக்கும் சைவமாய் நடிக்கத் தேவையில்லை எண்டுதான் தனிய வந்து கோழி சாப்பிட இருந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து, வேண்டாம் எண்டு சொன்னவளே வந்து முன்னால நிண்டிருக்கிறாள். ஒரு சொல் கேக்கேல்லை மனுசன். 

உள்ள போனன். என்ர பிளேட் ஆறிப்போகாமல் மேல இன்னொரு பிளேட்டைக் கவுத்து மூடி வைச்சிருந்தார். நான் இருக்கேல்லை.

"நான் சொல்லிவிட்டது உங்களுக்குக் காலமையே தெரியுமோ?"

"ஓம். அம்மா வேலைக்கு அடிச்சவ."

"தெரிஞ்சுகொண்டும் ஏன் உங்கட சாப்பாட்டில பாதியை எனக்குத் தந்தனீங்கள்?"

அவருக்கு என்ர கேள்வியே விளங்கேல்லைப் போல. என்னைப் பார்த்தார், பிளேட்டைப் பார்த்தார்.

"வேலை முடிஞ்சு பசியோட வந்து நிண்டீங்கள்," எண்டார்.

அன்ரிக்கு நான் திரும்ப அடிக்கேல்லை. அக்காவுக்கும் அடிக்கேல்லை. மிச்சத்தைச் சாப்பிட்டு முடிச்சு, அடுத்த ரயிலில ரெண்டு பேருமாய்ப் பெண்டில் ஹில்லுக்கு, அவரின்ர அம்மாவிட்டப் போனம். வழி முழுக்கக் கையிலயும் வாயிலயும் கோழி மணம். அதை மறைக்க ரெண்டு பேருக்கும் மனம் வரேல்லை.